கேமரா குனிந்த இடம்

"நீ ஆமான்னு சொன்ன."

"நான் எங்க ஆமான்னு சொன்னேன், தலையத்தான்..."

"ஆட்டுன. மைக்க வாய்க்கிட்ட வச்சுக்கிட்டு ஆட்டுன. மண்டபமே பாத்துச்சு."

"அவரு பேசிக்கிட்டே போறாரு, காங். நடுவுல பூந்து நான் எப்படி..."

"நடுவுல பூந்து 'அது எங்கம்மா'ன்னு சொல்லணும். ரெண்டு வார்த்த."

"மெதுவாப் பேசுங்க, கேட்டுரும்."

"யாருக்குக் கேக்கும்? உங்கம்மாவுக்கா? அவங்க மூணாவது வரிசையில உக்காந்து எல்லாத்தையும் கேட்டு முடிச்சாச்சு, நெங்."

காங் யாயான் என்னைவிட ஏழு வயது மூத்தவர்; 'காங்' என்றால் அண்ணன். நான் எடுத்த பாட்டுப் படங்கள் எல்லாவற்றுக்கும் கேமரா அவர்தான். மற்ற நாளில் என்னைக் கேலியாக 'டைரக்டரம்மா' என்பார். கோபம் வந்தால் மட்டும் 'நெங்'. தங்கச்சி ஆகிவிடுவேன்.

காப்பிக் கடை மாடியின் பின்படிக்கட்டில் நின்றிருந்தோம். உள்ளே பத்து நிமிஷ இடைவேளை. மாதக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானத்தில் பாண்டுங்கில் படம் எடுக்கிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கே கூடி ஒரு பாட்டுப் படத்தை 'பெடா' செய்வோம். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிப்பதற்கும் அதே சொல்தான். அன்றைக்கு மேஜையில் கிடந்தது என் படம். கிழிக்க வந்தவர் ஜகார்த்தாவின் விமர்சகர் பாக் திர்தா. அவர் நாலு வரி நல்லதாக எழுதினால் அந்தப் படம் யோக்யகர்த்தா விழாவுக்குப் போய்விடும். படிக்கட்டில் நின்ற எங்கள் இருவருக்கும் அது தெரியும். மூன்றாவது வரிசையில் மடிமேல் கொம்ரோ என்கிற காரப் பலகார டப்பாவோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

"அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நீ திரும்பிப் பாத்திருக்கலாம்ல."

நான் பார்க்கவில்லை.

முதல் பாதியில் பாக் திர்தா படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி, வெட்டே இல்லாத ஒரே ஷாட். ஒரு பையன் வீட்டுக்குள் அறை அறையாகப் போய்ப் பையில் சாமான்களை எடுத்து வைக்கிறான். கேமரா பின்னாலேயே போகிறது. அவ்வளவுதான் படம்.

"கவனிங்க," என்றார். "இவன் வீட்ட விட்டுப் போறான். பாட்டுல போறேன்னு ஒரு வார்த்த கிடையாது. கேமராதான் சொல்லுது. முகத்தையே காட்டல, முதுகுக்குப் பின்னாடி ரெண்டு முழம் தள்ளியே வருது. ஏன்? வீட்டுல யாரும் அவன் முகத்தப் பாக்கல. அதான். இன்னொண்ணு பாருங்க. ஒவ்வொரு வாசல்லயும் கேமரா லேசாத் தயங்குது. போறவன் தயங்கல, பாக்குறவங்க தயங்குறாங்க."

மேடையில் என் பக்கத்திலிருந்த காங் யாயான் என் காதில் முணுமுணுத்தார். "நிலை தலையில இடிச்சிரும்னு பயந்தேன். உங்க வீட்டு வாசல் அவ்வளவு குட்ட."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்தத் தயக்கத்தையும் என் கணக்கில் போட்டுக்கொண்டேன். யார் வேண்டாம் என்பார்கள்.

அப்புறம் இரண்டாவது நிமிஷம் பதினோராவது விநாடியில் நிறுத்தினார். திரையில் இடப்பக்கமிருந்து ஒரு அம்மாள் வருகிறார். இடுப்புவரை குனிந்து, வலது கையைத் தரையைத் தொடுவதுபோல முன்னே நீட்டி, பையனுக்கும் கேமராவுக்கும் நடுவில் கடந்து போகிறார். உதடு அசைகிறது. பாட்டுச் சத்தத்தில் சொல் கேட்காது, ஆனால் எங்கள் ஊரில் அது என்ன சொல் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. புன்தென். 'மன்னிக்கணும், குறுக்கே போறேன்' என்று அர்த்தம். உட்கார்ந்திருப்பவர்களின் முன்னால் அதைச் சொல்லாமல் கடந்தால் நாலு வயசுப் பிள்ளைக்கும் காதைத் திருகுவார்கள். அவர் கடக்கும்போது படம் நாலு விரற்கடை கீழே இறங்கி, ஒரு தாளம் நின்று, மறுபடி ஏறுகிறது.

பாக் திர்தா அதை மூன்று தடவை ஓட்டிக் காட்டினார்.

"புன்தென் நாம எல்லாரும்தான் சொல்றோம். ஆனா குனியிற அளவப் பாருங்க. சொந்த வீட்டுல, வயசுப் பசங்க முன்னாடி, எந்த வீட்டுக்காரி இவ்வளவு தாழக் குனிவா? இது வீட்டுக்காரி குனியிற குனிவு இல்ல. வேலைக்காரம்மா. போற பையன்கிட்ட மரியாதையா ஒரு வார்த்த பேசுற ஒரே ஆளு அவங்கதான். அதுக்குப் பதிலா கேமராவும் குனியுது. இந்தப் படத்தோட மொத்தக் கதையும் இந்த நாலு விரற்கடைக்குள்ள இருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "இது எழுதி வச்சு எடுத்ததுதான, அனிஸ்? தற்செயலா விழுந்தது இல்லையே?"

அந்தச் சொல்தான். இங்கே ஒரு படத்தைத் 'தற்செயல்' என்று சொல்லிவிட்டால், அப்புறம் எடுத்தவர் வெறும் ஆள். நான் தலையை ஆட்டினேன்.

நடந்தது இதுதான். படம் எடுத்த அன்று நாலு மணிக்கு மூன்றாவது டேக். பாடுகிற கலாங் முதல் டேக்கில் சட்டைமேல் காப்பியைக் கொட்டிக்கொண்டான். அம்மா அதைக் கழற்றி வாங்கித் துவைத்து முன்வாசல் கொடியில் போட்டுவிட்டு, எங்களை அவன் மாற்றுச் சட்டையில் பழகச் சொன்னார். "பழகிப் பாக்கறதுதான, அது காயட்டும்." பழகிப் பார்த்ததுதான் நல்ல டேக்காக அமைந்தது, பாதியில் மழை வந்தது. சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்த அம்மாவுக்கு அந்தச் சட்டை நனையுமே என்றிருக்கிறது. முன்வாசலுக்குப் போக வேறு வழியில்லை.

"என் கழுத்து பண்ணுன வேல அது," என்றார் படிக்கட்டில் காங் யாயான். "பெரியவங்க புன்தென் சொன்னா, மங்கான்னு தலையத் தாழ்த்தாம நிக்க முடியுமா? தாழ்த்துனேன். தோள்ல கேமரா இருந்துச்சு, அதுவும் தாழ்ந்துச்சு. என் தலை ஆடுனதுக்கு ஒரு ஞாயம் இருக்கு. உன் தலை ஏன் ஆடுச்சு?"

"தப்புதான்."

"என்கிட்ட சொல்லி?"

"உள்ள போனதும் சொல்றேன். முதல் கேள்விக்கே சொல்லிடறேன்."

"சொல்லுவ?"

"சொல்றேங்கறேன்ல."

உள்ளே யாரோ மைக்கைத் தட்டினார்கள்.

நான் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். 'ஒரு திருத்தம் இருக்கு' என்று ஆரம்பித்து, கொஞ்சம் சிரித்து, 'அது எங்கம்மா' என்று முடிப்பது. கூட்டமும் சிரிக்கும், முடிந்துவிடும். முதலில் எழுந்தவள் ஒரு கல்லூரிப் பெண்.

"அந்த வேலைக்காரம்மாவா நடிச்சவங்கள எங்க புடிச்சீங்க? நடிக்கிற மாதிரியே தெரியல."

மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். "ஒரு திருத்தம்," என்றேன்.

"இவங்கதான அது?" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல். "எனக்குக் கொம்ரோ குடுத்தாங்களே. இவங்களேதான்."

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எழுந்திருக்க யாரும் சொல்லவில்லை. பாக் திர்தா மேடையை விட்டு இறங்கிப் போய், இரண்டு கையாலும் அவர் கையைத் தொட்டு, தன் கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இபு, உங்க பேரு?"

"எந்தின்."

"இதுக்கு முன்னாடி நடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"நெசமாவே அந்த வீட்டுல வேலை செய்றவங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. விருந்தாளி வந்தால் கதவோரம் நின்று எத்தனை டம்ளர் எடுக்கவேண்டும் என்று எண்ணுவாரே, அந்தப் பார்வை.

"ஆமாங்க," என்றார். "இருபத்தெட்டு வருஷமா அந்த வீட்டு வேல எனக்குத்தான்."

கைதட்டினார்கள்.

"அந்த வீட்டுக்காரங்க நல்லாப் பாத்துக்கறாங்களா?"

"நல்லாத்தான். புள்ளைக்குக் கொஞ்சம் மறதி."

"என்ன மறப்பாங்க?"

"சாப்பிட மறந்துரும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று பிறகு வீடியோவில் பார்த்தேன். மைக் என் கையில்தான் இருந்தது, அணைக்கவும் இல்லை. என் மூச்சு ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. 'ஒரு திருத்தம்' என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. என்ன திருத்தம் என்று யாரும் கேட்கவும் இல்லை.

"உக்காருங்க, இபு, உக்காருங்க," என்றார் பாக் திர்தா.

"இல்லீங்க, அஸர் தொழுகைக்கு நேரமாச்சு. கீழ போய்த் தொழுதுட்டு அங்கயே உக்காந்திருக்கேன்."

வரிசையை விட்டு வெளியே வர ஒன்பது பேரைக் கடக்கவேண்டும். டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, வலது கையை நீட்டி, புன்தென், புன்தென் என்று வந்தார். ஒன்பது பேரும் மங்கா, மங்கா என்று தலையைத் தாழ்த்தி முழங்காலை ஒதுக்கினார்கள். பின்னால் இரண்டு பேர் போனைத் தூக்கினார்கள்.

"அதே குனிவு," என்றாள் அந்தக் கல்லூரிப் பெண், பக்கத்திலிருந்தவளிடம். "அப்படியே அதே குனிவு."

கூட்டம் முடிந்தபோது பாக் திர்தா என்னிடம் வந்தார். "விழாவுக்கு அனுப்புங்க. என் பேரச் சொல்லி அனுப்புங்க." நான் நன்றி சொன்னேன். நான் படியோரம் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, காங் யாயான் கேமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என் முன்னால் நிமிர்ந்தபடியே கடந்து போனார். புன்தென் இல்லை. ஏழு வயது மூத்தவர்தான், ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அப்படிக் கடந்ததில்லை.

அங்கோத் வேனில் நானும் அம்மாவும் மட்டும்தான். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் ஆள் சேரட்டும் என்று பழக்கடை ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார்.

"அம்மா."

"ம்."

"இல்ல, வந்து..."

"டப்பா காலி. அந்த ஜகார்த்தாக்காரரு கீழ வந்து நாலு எடுத்துக்கிட்டாரு. காரம் தாங்குறாரு, ஆச்சரியம்தான்."

"அன்னிக்கு ஏம்மா அவ்வளவு குனிஞ்சீங்க? நாங்க அஞ்சு பேருதான இருந்தோம். அதுலயும் நான் உங்க புள்ள."

அம்மா டப்பா மூடியை அழுத்திப் பார்த்தார், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"நீதான காலையில சொன்ன, சத்தம் போடாதீங்க, இத ஆயிரம் பேரு பாக்கப் போறாங்கன்னு. பாயில எட்டு பேரு உக்காந்திருந்தா எட்டு பேருக்குத் தக்கன குனியிறோம். ஆயிரம் பேரு உக்காந்து பாக்குற எடத்துல குறுக்க போறேன். எவ்வளவு குனியணும்னு எனக்கென்ன தெரியும்? முடிஞ்ச வரைக்கும் குனிஞ்சேன். இடுப்பு புடிச்சுக்கிச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியில் வெளியே எதுவும் தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது.

"நாளைக்கு அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்மா."

"எதுக்கு? அவரு அழகாத்தான் சொன்னாரு. அந்தப் பையன்கிட்ட மரியாதையாப் பேசுனது அவ ஒருத்திதான்னு. எனக்கே அவளப் புடிச்சுப்போச்சு."

"சொல்லித்தாம்மா ஆகணும்."

"படம் போகாமப் போயிருமா, சொன்னா?"

"தெரியல."

"அப்ப வேணாம்."

இரண்டு பேர் ஏறினார்கள். எங்கள் முழங்காலைத் தாண்டி உள்ளே போகக் குனிந்து புன்தென் சொன்னார்கள். அம்மா மங்கா என்றார். நான் முழங்காலை மட்டும் ஒதுக்கினேன். வேன் கிளம்பியது. இரண்டு நிறுத்தம் தாண்டியது. அப்புறம் மற்றவர்களுக்குக் கேட்காமல் என் பக்கம் சாய்ந்தார்.

"அனிஸ், அந்த வேலைக்காரம்மாவுக்கு நீ என்ன பேரு வச்சிருக்க? அவரு கேட்டதும் நான் பாட்டுக்கு எந்தின்னு என் பேரையே சொல்லிட்டேன். தப்பாயிருச்சா?"