படத்தில் இல்லாத ஓடை

என்னைப் போல ஒரு மேதாவியை எங்கள் அலுவலகம் அதுவரை கண்டதில்லை. நான் சொல்லவில்லை, மேனேஜர் சொன்னார், எல்லோரையும் கூப்பிட்டு வைத்து. கையும் தட்டினார்கள்.

எண்ணூறு ஏக்கரில் சூரிய மின் நிலையம். பேனல் வரிசைகளை எவ்வளவு சாய்த்து, எவ்வளவு தள்ளித் தள்ளி நிறுத்துவது என்று வரைந்து கொடுப்பது என் வேலை. நெருக்கினால் ஒன்றின் நிழல் அடுத்ததன் மேல் விழும். விலக்கினால் நிலம் வீண், கேபிளும் நீளும். கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து நல்லதை எடுத்துத் தரும். ஆனால் நிலத்தின் குறுக்கே ஒரு வறண்ட ஓடை. அது படத்தில் இருந்தால் ஒரு கணக்குக்கு ஆறு மணி நேரம். மறைத்துவிட்டால் நாற்பதே நிமிடம். மறைத்து வைத்தேன், கடைசிக் கணக்கின்போது திரும்பக் கொண்டுவரலாம் என்று. மூன்று சதவீதம் கூடுதல் மின்சாரம் என்று திரையில் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடையைச் சுத்தமாக மறந்துபோனேன்.

அங்கே பேனலைத் தாங்கும் கம்பங்களை நடும் வேலைக்குப் பொறுப்பு என் சொந்த அண்ணன். என்னை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவன்தான். ஒருநாள் மதியம் போன் செய்தான்.

"பாப்பா, நாப்பதாவது வரிசை தாண்டினா ஓடை வருதே. அதுக்குள்ளயா நடச் சொல்ற?"

"அண்ணா, கம்ப்யூட்டர் பத்தாயிரம் தடவ போட்டுப் பாத்த கணக்கு. உன் கண்ணு அத விடப் பெருசா? படத்துல இருக்கற மாதிரியே நடு."

படத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. திமிர்தான், வேறென்ன.

முதல் பெருமழையிலேயே ஓடை தன் வழியில் ஓடியது. இருபது வரிசை குப்புற விழுந்தது.

விசாரணை அறையில் அண்ணன் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். மேனேஜர் அவனைத்தான் பிடித்தார்.

"கண்ணெதிர ஓடை இருக்கு. டிசைன்ல ஒரு வார்த்த கேக்கத் தோணலையா?"

"கேட்டேன் சார். போன்ல."

"யார்கிட்ட?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் லேப்டாப்பில் எதையோ மும்முரமாகத் தேடினேன். சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு ஃபைலைத் திறந்தேன். அவன் கொஞ்சம் காத்திருந்தான்.

"ஞாபகம் இல்ல சார்."

அன்று மாலையே அவனை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். ஹெல்மெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு வந்தவனை மாடிப்படியில் மறித்தேன்.

"அண்ணா..."

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன், பாப்பா." அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி போன் செய்தாள். கிழித்து எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருக்காக மேனேஜர்கிட்ட சண்டையே போட்டியாமே? அவர்தான் சொன்னாரு. கூடப் பொறந்தவங்கன்னா இப்படில்ல இருக்கணும். ஆனா போதும்மா, இதோட விட்டுடு. உன் வேலைக்கும் ஏதாவது வந்துடப் போகுது."

"சரி அண்ணி" என்றேன்.