காரில் சொன்ன செபமாலை

"செப்டம்பர் 22, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வனக்காவலர் கேட்டபோது 'நான் பார்க்கலை' என்றேன். பார்த்தேன்."

இவ்வளவையும் எழுதிவிட்டு ஐரின் பேனாவை வைத்தாள். பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து, இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, இருபத்திரண்டு வயதில்தான் கோயில் ஹாலில் நடக்கும் மாலை வகுப்பில் தமிழ் எழுதப் பழகியவள் அவள். தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. எழுதியதைத் திருப்பித் திருப்பிப் படித்து, சரிதானா என்று தன்னையே குடைந்துகொள்வது அவள் வழக்கம். இன்று 'சின்ன' என்ற இடத்தில் கண் நின்றது. அதை அடித்தாள். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

அண்ணன் அமலுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது. விசாதான் பாக்கி. அவன் போவதற்குள் எல்லோரும் ஒருமுறை மலைக்குப் போய் வரலாம் என்று அப்பா ஓஸ்வால்ட் ஊட்டிக்கு ஏற்பாடு செய்தார். அங்கே ஒரு சரிவில் குறிஞ்சி பூத்திருந்தது. தனியாகப் பார்த்தால் விரல் நுனி அளவுகூடத் தேறாத பூ. மலை முழுக்க விரிந்து கிடந்தபோது ஐரின் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அண்ணி அம்ருதா ஒரு குதிரையிலும் ஐரின் இன்னொன்றிலும் ஏறிக்கொண்டார்கள். இரண்டையும் நடத்திக்கொண்டு வந்தவர் தனக்கோடி. அமல் பக்கத்தில் நடந்தான். அப்பாவும் அம்மாவும் மூச்சு வாங்கப் பின்னால் வந்தார்கள்.

"சார், பூவைத் தொடாதீங்க. ஃபைன் போடுவாங்க," என்று தனக்கோடி முதலிலேயே சொன்னார். போர்டும் இருந்தது.

"ஒரு போட்டோவுக்குத்தான் பாஸ்," என்று சொல்லிக்கொண்டே அமல் ஒரு கிளையை ஒடித்து அம்ருதா கையில் கொடுத்தான். அவள் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தாள். படம் எடுத்து முடிப்பதற்குள் வனக்காவலர் வந்துவிட்டார்.

"யார் பறிச்சது?"

அமல் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "குதிரைக்காரர்தான் சார் பறிச்சுக் குடுத்தார். எங்களுக்கு ரூல்ஸ் தெரியாது. நாங்க பெங்களூர்."

பொய்யைச் சொல்லும்போதும் அப்பாவின் குரல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல அத்தனை தெளிவாக இருந்தது. தனக்கோடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் ஐரினிடம் வந்தார். "பாப்பா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? சொல்லுங்க."

"நான் பார்க்கலை."

வனக்காவலர் தனக்கோடியின் கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை ரேஞ்சர் விசாரிப்பார். அதுவரைக்கும் குதிரையில யாரையும் ஏத்தக் கூடாது. தப்புன்னு ஆச்சுன்னா அட்டையை மறந்துடு."  ஐரின் இறங்கத் தனக்கோடியே வழக்கம்போலக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு எரிந்தது.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். எந்தப் பயணம் போனாலும் திரும்பும்போது காரில் செபமாலை சொல்வார்கள். பேர் ஐந்து, பகுதி ஐந்து. ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தொடங்குமுன் ஒரு கருத்தைச் சொல்லி ஒப்புக்கொடுக்க வேண்டும். மைசூர் ரோட்டில், கெங்கேரி நெரிசலில் கார் ஊர்ந்தபோது அப்பா தொடங்கினார். நல்லபடியாக ஊர் திரும்பியதற்கு நன்றி. அம்மா அல்போன்சா குடும்ப சமாதானத்துக்காக. அமல் விசாவுக்காக. அம்ருதா மாமனார் மாமியார் ஆரோக்கியத்துக்காக. கடைசியாக ஐரின்.

"தனக்கோடிக்காக," என்றாள். "பூவைப் பறிச்சது அமல். பழியைப் போட்டது டாடி. பார்த்துட்டுப் பார்க்கலைன்னது நான். நம்மால ஒருத்தர் சோத்துல மண்ணு விழுந்திருக்கு. பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே..."

மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில் பாதியை யாரும் சொல்லவில்லை.

"நிறுத்துடி!" அப்பா கத்தினார். "ஜெபத்துல விளையாட்டா?"

"நான் விளையாடலை டாடி. நல்லபடியா திரும்பினோம்னு நன்றி சொன்னீங்களே, அந்த ஆள் நல்லபடியா வீட்டுக்குப் போயிருப்பாரா?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அமல் கண்ணாடி வழியாக முறைத்தான். "ஒரு கிளை. அதுக்கு இவ்ளோ சீனா?"

"ஒரு கிளைதானே? நான்தான்னு சொல்லியிருக்கலாமே."

"என் பேர்ல கேஸ் கீஸ்னு எழுதிட்டா? விசாவுக்கு போலீஸ் சர்டிஃபிகேட் வேணும். தெரியுமா உனக்கு?"

"தெரியும். தனக்கோடியோட குதிரைக்குத் தீனி வேணும். அதுவும் தெரியும்."

அம்மா சமாதானத்துக்கு வந்தாள். "சரி விடுங்க. அந்த ஆளுக்கு ஏதாச்சும் ஜிபே பண்ணிடலாம்."

"பழிக்கு ஜிபே நம்பர் இருக்கா மம்மி?"

 அம்ருதா ஃபோனைத் திறந்து, குதிரைமேல் பூங்கிளையோடு சிரிக்கும் தன் படத்தை ஒரு கணம் பார்த்தாள், அழித்தாள். பக்கத்து சீட்டில் இருந்த ஐரின் அதையும் பார்த்தாள். இனி சாட்சிக்கு அவள் வாய் ஒன்றுதான் மிச்சம்.

அவள் விடவில்லை. முதல் பாதியையும் அவளே சொன்னாள், பதில் பாதியையும் அவளே சொன்னாள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பஸ்ஸை மீறி, பல்லைக் கடித்துக்கொண்டு பத்து அருள்நிறை மந்திரத்தையும் முடித்தாள். இவ்வளவு கோபத்தோடு மாதாவை யாராவது கூப்பிட்டிருப்பார்களா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராக மேஜைக்குப் போனாள். வழக்கமான குடைச்சல் தொடங்கியது. கிளை ஏற்கெனவே ஒடிந்திருந்ததோ? குதிரை மிதித்திருக்குமோ? இல்லை. அமலின் கட்டைவிரல் கிளையை மடக்கியது, முறிந்த சத்தம், தனக்கோடி "ஐயோ சார்" என்றது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அதே வரிசைதான்.

கதவருகில் அப்பா வந்து நின்றார். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "நீ அங்கே ஃபோன் பண்ணினா, நான் பொய் சொன்னவன்னு ஆயிடும்."

"ஆயிடும் டாடி."

"உங்க அண்ணன் போக முடியாமப் போனா அது உன் தலையிலதான். நான் உன்கூடப் பேச மாட்டேன்."

"சரி."

"என்னடி சரி?"

"பேசாதீங்க."

அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். சமையலறையில் அம்மா ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.  ஐரின் பேனாவை மறுபடி எடுத்து, தாள் கிழிந்த இடத்துக்குக் கீழே எழுதினாள்.

"நாளை, திங்கள்: ரேஞ்சர் ஆபீஸ் திறந்ததும் ஃபோன் செய்ய வேண்டும். கிளையை ஒடித்தது என் அண்ணன் அமல், தனக்கோடி தடுத்தார், நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நேரில் வரச் சொன்னால் லீவு போட்டுவிட்டு இரவு பஸ்ஸில் போக வேண்டும்."