தண்ணீர் வடியும்வரை

வெள்ளைக்காரனின் பீரங்கிக் கப்பல், நைஜர் ஆற்றில் வெள்ளம் இருக்கும்வரைதான் எங்கள் ஊர்ப்பக்கம் தலைகாட்டும். தண்ணீர் வடிந்தால் மணலில் தட்டிவிடும் என்று ஓடிவிடும். போன வருஷம் கீழ்க்கரை ஊரார் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். மத்தியானத்துக்குள் ஊர் சாம்பல். இந்த வருஷம் பீரங்கி எங்கள் படகுத்துறையைப் பார்த்து நின்றது. துறையை அவர்கள் ராணிக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"முடியாதுன்னா சுடுவான், சரின்னா துறை போயிடும். என்னடா பண்றது இலோபா?" என்றார் எங்கள் தலைவர் அக்குன்னே.

"ரெண்டையும் சொல்லாதீங்க மாமா. கோலாக்கொட்டையை எடுங்க," என்றேன்.

அந்தக் கசப்புக் கொட்டையை உடைத்து விருந்தாளியோடு பங்கிட்டுத் தின்னாமல் எங்கள் ஊரில் யாரும் காரியம் பேசுவதில்லை. உடைக்கும் முன் அது மூத்த வம்சம் தொடங்கி கடைசி வம்சம்வரை கைமாறி வரவேண்டும். எது மூத்த வம்சம் என்பதில் எங்களுக்குள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அந்தச் சண்டையை ஊரின் சாபக்கேடு என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

கப்பல் துரை இருபத்துமூன்று நாள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சண்டையைப் பார்த்தான். அவனுக்கு மொழிபெயர்க்க வந்த கடற்கரைக்காரன் இகோலிதான் நொந்துபோனான்.

"பெரியவரே, இன்னிக்காவது உடைப்பீங்களா?"

"முறை தவறி உடைச்சா எப்படிப்பா வாயில வைக்கிறது?" என்றார் அக்குன்னே.

துரை பொறுமையாகத் தலையாட்டினான். சுத்த மண்டு என்று நினைத்தேன்.

இருபத்துநான்காம் நாள் காலையில் கப்பல் மணலில் உட்கார்ந்திருந்தது. வெள்ளைக்காரன் மாட்டிக்கொண்டான் என்று வம்சச் சண்டை போட்ட ஜென்மப் பகையாளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்போது துரை முழங்கால் தண்ணீரில் நடந்து கரையேறினான். பின்னால் பெட்டிகள், கோழிக்கூண்டு, ஒரு கொடிக்கம்பம்.

"எப்ப கிளம்புறாராம்?" என்றார் அக்குன்னே.

"அடுத்த வெள்ளத்துக்குத்தான். எட்டு மாசம் ஆகும்," என்றான் இகோலி. "காகிதம்கூட வேண்டாமாம். வெள்ளைக்கார நாட்டு ராஜாக்கள் எல்லாரும் கூடிப் புதுசா சட்டம் போட்டிருக்காங்க. எவன் வந்து குடியிருக்கானோ, கரை அவனுக்கு. தண்ணி வடியுறதுக்குள்ள திரும்பிடணும்னு இவருக்கு மேலிடத்து உத்தரவு. இப்ப திரும்பிப் போக வழியில்லைன்னு எழுதிட்டார். சாக்கு நீங்க இழுத்துக் குடுத்ததுதான்."

"பீரங்கி?"

"இன்னும் உங்களைத்தான் பாக்குது."

துறையில் கம்பத்துக்குக் குழி தோண்டினார்கள். கொட்டை யோசனை யாருடையது என்று துரை கேட்டான். எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. அவன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வெட்கத்தில் செத்தேன். கையை உதறவேண்டும் போலிருந்தது. பீரங்கியைப் பார்த்துவிட்டு, அவனாக விடும்வரை நின்றேன்.