கால் முந்திப் போன இடம்

ஓதம் ஏறும்போதெல்லாம் அகோயா வீட்டோரம் இருந்த புருஷன் உரியாமின் சமாதிக்குக் கடல் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். தன் முதுகில் அடிக்கிற தண்ணீர் அவன்மேல் அடிக்காது, அவ்வளவுதான் அவள் கணக்கு. உரியாம் செத்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நாலு தென்னை நின்றன. இப்போது ஒன்றும் இல்லை. பவளக்கல்லைத் தலையில் சுமந்து வந்து சமாதிக்கு முன்னால் இடுப்பளவுக்குச் சுவர் அடுக்கியிருந்தாள். அது இருக்கிறவரைக்கும் அவன் இருப்பான். அடுத்த பௌர்ணமிக்கு அதுவும் தாங்காது என்று அவளுக்கே தெரியும்.

எலும்பைப் பொறுக்கிக்கொண்டு போய் வைக்க மேட்டு மண் வேண்டும். தீவு கொஞ்சமாவது அகலமாக இருக்கிற நடுப்பகுதி முழுக்க உரியாமின் அண்ணன் தெபானோவுடையது. மற்ற இடத்தில் காயல் கரையில் நின்று துப்பினால் பெருங்கடலில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து ஊர்க்கூடத்தில் எல்லாரும் மீனும் சோறுமாக உட்கார்ந்திருந்தபோது அவள் போனாள். வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்துப் போனாள். உறவு முறையில் ஒருத்தர் நாலு பேர் நடுவில் ‘புபுசி’ என்று சொல்லி ஒரு பொருளைக் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்ல இந்தத் தீவில் எவனுக்கும் வாய் வராது. சொன்னவன் பேரப்பிள்ளைக்குக்கூடப் பெண் கிடைக்காது. அவன் நிலத்து ஈரப்பலா மரத்தடியில் ஒரு ஓரம், அவ்வளவு கேட்டால் போதும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

தெபானோ தூணில் சாய்ந்திருந்தான். சர்க்கரை வியாதியில் முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். எடுத்த காலை ஆஸ்பத்திரியிலிருந்து பாயில் சுருட்டி வாங்கிவந்து, செத்த பிறகு தான் படுப்பதற்கென்று வீட்டு வாசலில் வைத்திருந்த இடத்திலேயே புதைத்திருந்தான். கால் முந்திப் போயிருக்கு, ஆள் பின்னாடி வருவார் என்று ஊரே சிரிக்கும். அவனும் கூடச் சிரிப்பான்.

அகோயா உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“அகோயா, உன் வீட்டோரம் கல்லு அடுக்கி வெச்சிருக்கியே. என் பன்னித் தொழுவத்துக்குச் சுவரு இல்ல, புள்ள. புபுசி.”

கூடத்தில் சிலர் கொல்லென்று சிரித்தார்கள். அவன் மனைவி புவேனா மட்டும், “வேற கல்லே கெடைக்கலையா உங்களுக்கு?” என்று முணுமுணுத்தாள்.

 அகோயாவுக்குக் கல் ஒவ்வொன்றும் கழுத்தில் அழுத்திய பாரம் திரும்ப வந்து உட்கார்ந்தது. “எடுத்துக்குங்க அண்ணே,” என்றாள். வேறென்ன சொல்வது?

“நீ என்னவோ கேக்க வந்தாப்ல இருக்கு? கேளு, கேளு. தம்பிக்கு எடந்தானே? பன்னிக்குப் பக்கத்துல தாராளமா கெடக்கு. தனியா இருக்கானேன்னு கவலைப்பட வேணாம், பேச்சுத் துணைக்கு ஆளிருக்கு.”

இந்தத் தடவை கூடமே சிரித்தது. சிரிப்பு ஓயும்வரை அகோயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரப்பலா மரம் அவள் நினைப்பிலிருந்து போய்விட்டது.

“உங்க வாசல்ல, நீங்க படுக்க வெச்சிருக்கீங்களே, அந்த எடம் அண்ணே. புபுசி.”

மென்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

“அங்க நான் இருக்கேன்டி!”

“உங்க காலுதானே இருக்கு. மிச்சம் இங்கதானே உக்காந்திருக்கு.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தெபானோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாரும் மீனில் முள் தேடிக்கொண்டிருந்தார்கள். “எடுத்துக்க,” என்றான் கடைசியில்.

மறுநாளே அவன் பிள்ளைகள் வந்து சுவரைக் கலைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அகோயாவும் கூடவே நின்று கல் எடுத்துக் கொடுத்தாள். பிறகு உரியாமைப் பொறுக்கி, தேங்காயெண்ணெய் தடவி, புதுப் பாயில் வைத்துக்கொண்டு போய் தெபானோவின் வாசலில் தோண்டினாள். அவன் வாசல் மேடைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பழைய பாய்ச்சுருள் ஒன்று மேலே வந்தது.

“இத எங்க வைக்கட்டும் அண்ணே?”

அவன் தொழுவத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எங்க வீட்டோரம் காலிக் குழி ஒண்ணு இருக்கு,” என்றாள். அவன் தலையாட்டும்வரைகூட நிற்காமல் சுருளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பௌர்ணமியன்று மத்தியானம், ஓதம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் வாசல் சமாதிக்கு வெள்ளைக் கூழாங்கல் பரப்பிக்கொண்டிருந்தாள். தொழுவத்தில் புதுச் சுவருக்குள் பன்றிகள் தூங்கின. மேடைமேல் படுத்திருந்த தெபானோ திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே வெறும் பாயைக் கையால் தடவினான்.

“புவேனா,” என்று கூப்பிட்டான். “புவேனா, துணி கொண்டா. காலு நனையுது.”

அகோயா அடுத்த கூழாங்கல்லை எடுத்து, முந்தியதுக்குப் பக்கத்தில் இடைவெளி விடாமல் வைத்து அழுத்தினாள்.