செட்டிகுளத்தில் உளுந்து இல்லை

இந்தியாவிலிருந்து உளுந்து வருவது நின்றுபோன வருடம், மாக்ரெட் கொழும்பு கொட்டாஞ்சேனைக் கடைகள் அத்தனையும் ஏறி இறங்கினாள். புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். வழக்கில் தோற்ற சட்டத்தரணிமார்கூட அவளுடைய உளுந்து வடையைத் தின்று தேறிவிடுவார்கள். இப்போது தட்டு வெறுமையாகக் கிடந்தது.

கடைக்கு வரும் கிளாக்கர் ஒருவர், தன் மச்சாள் அனுஷியா செட்டிகுளத்தில் உளுந்து விதைப்பதாகச் சொன்னார். விளைகிற இடத்தில் இல்லாமலா போகும் என்று மாக்ரெட் வெறும் சாக்கு ஒன்றோடு வவுனியாவுக்கு ரயில் ஏறி, அங்கிருந்து பஸ்ஸில் செட்டிகுளம் போனாள்.

"இல்லை அக்கா," என்றாள் அனுஷியா, முற்றத்திலேயே. "பிடுங்கிற நேரம் மழை. காய் செடியிலயே முளைச்சுப் போச்சு. தப்பினதைக் கொழும்பு யாவாரிமார் ஏத்திக்கொண்டு போயிட்டினம்."

"கொழும்பிலயும் இல்லையே."

"அப்ப நடுவில எங்கயோ நிக்குது."

இருவரும் கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தார்கள்.

வந்தவளைப் பசியோடு அனுப்பக்கூடாதென்று அனுஷியா தோசை சுட்டாள். ஒரு வாய் வைத்ததுமே மாக்ரெட்டுக்கு விளங்கிவிட்டது. முழுக்கக் கோதுமை மா.

"நல்லாயிருக்கு," என்றாள்.

"பொய் சொல்லாதேங்கோ."

கை கழுவப் போன இடத்தில், அடுப்படி மூலையில் ஒரு வாளி. மூடியைத் தூக்கினால், சாம்பல் பிரட்டிய உளுந்து. மாக்ரெட்டின் கை தானாகவே உள்ளே போனது.

"இருக்குதானே, பிள்ளை!"

"அது விதை."

"ஒரு சுண்டு மட்டும் அளந்து தா..."

"ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கோதுமை மாவில தோசை சுடுறன், அக்கா."

மாக்ரெட் கையை எடுத்தாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்த மணியையும் தட்டி உள்ளே விட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

"விளைஞ்சா உங்களுக்கும் ஒரு சாக்கு அனுப்புறன்," என்று சொல்லி, அனுஷியா வீட்டிலிருந்த கௌபிப் பயறை அள்ளிக் கட்டிக் கொடுத்தாள்.

மாக்ரெட் கௌபியை ஊறப்போட்டு, அரைத்து, வடை சுட்டாள். சட்டத்தரணிமார் ஆட்சேபனை தெரிவித்தார்கள். தெரிவித்துக்கொண்டே தின்றார்கள். அனுஷியா தந்தது முடிந்ததும் அவள் கடைக் கௌபி வாங்கினாள்.

அடுத்த அறுவடைக்கு மழை குறுக்கே வரவில்லை. பஸ்ஸில் ஒரு சாக்கு உளுந்து வந்து சேர்ந்தது. மாக்ரெட் நல்ல சேலை உடுத்திக்கொண்டு கடையைத் திறந்தாள். பொன்னிறமாக, நடுவில் ஓட்டையோடு, உளுந்து வடை தட்டில் குவிந்தது.

கிளாக்கர் ஒன்றைக் கடித்தார். தட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏன் அக்கா, கௌபி வடை போடயில்லையா?"

பின்னால் வந்தவர்களும் அதையே கேட்டார்கள். மாக்ரெட் கௌபியை ஊறப்போட்டாள். மிஞ்சிய உளுந்து வடையை வீட்டுக்குக் கொண்டுபோய், புருஷன் பேர்னாட்டோடு உட்கார்ந்து கடைசி வடைவரை தின்றாள்.

அனுஷியா போன் எடுத்து, உளுந்து வடை எப்படிப் போனதென்று விசாரித்தபோது, "எல்லாம் முடிஞ்சுது, பிள்ளை," என்றாள்.