நரேன் பெயரில் ஓடிய புள்ளி

திரையில் நான்கு பச்சைப் புள்ளிகள் கல்கத்தாவைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு டிரைவரின் ஃபோன். தோசை மாவும் தயிரும் ஏற்றிப்போன வேன் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று லேக் மார்க்கெட் ஆபீஸில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். மகன் ஜெயந்த் செய்து கொடுத்த ஏற்பாடு அது. பார்ப்பது பட்டுவின் வேலை. யார் டீக்கு நிற்பான், யார் பறப்பான் என்பதெல்லாம் இப்போது அவளுக்கு அத்துப்படி.

பறக்கிறவன் நரேன். இன்றைக்கோ அவன் புள்ளி மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஆடி அசைந்து நகர்ந்தது. கரியாஹாட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. இடப்பக்கமாகவே தெருத்தெருவாகச் சுற்றி வந்து அதே ரோட்டைப் பிடித்தது.

பட்டு திரைக்கு அருகே குனிந்தாள். வலப்பக்கம் திரும்பப் பயந்து ஊரைச் சுற்றுகிற மனிதர் இந்த நகரத்தில் ஒருவர்தான். அவருக்குத்தான் அவள் கழுத்தை நீட்டியிருந்தாள்.

பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார் ஜம்புநாதன். குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது, வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டமாட்டேன் என்று பட்டுவின் கையில் அடித்துச் சத்தியமும் செய்தார். பெரிய சத்தியசந்தர். நேற்று நரேன், மனைவிக்குப் பிரசவம் என்று லீவு கேட்டதும், மாற்று ஆள் இல்லை என்று ஜெயந்த் கையை விரித்ததும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வேனையும் அவன் ஃபோனையும் இவர் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று அவள் பல்லைக் கடித்தபோது, நியூ அலிப்பூரில் புள்ளி நின்றது. பிறகு நகரவே இல்லை.

கணவரின் நம்பருக்கு அடித்தாள். பக்கத்து அறையில் சார்ஜரில் கிடந்து மணியடித்தது. நரேன் நம்பருக்கு அடித்தாள். மணி போனது, எடுப்பாரில்லை. மறுபடி அடித்தாள். டாக்ஸி பிடிக்க ஓடினாள். திட்ட வேண்டியதெல்லாம் மறந்துபோய், அவர் உயிரோடு இருந்தால் போதும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

டாக்ஸி போய்ச் சேர்ந்தபோது, வேன் ஓரமாக நின்றிருந்தது. ஜம்புநாதன் நடைபாதையில், திருடிப் பிடிபட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஃபோனை ஏன் எடுக்கலை?"

"ஆபீஸ்னு வந்துது. நீதான்னு தெரியும். குரலைக் கேட்டா கண்டுபிடிச்சுடுவே."

"நெஞ்சு வலிக்கறதா?"

"இல்லை. நரேன் அவன் ஆம்படையா ஃபோன்லேர்ந்து பேசினான், பொண் குழந்தையாம். ஓரமா நிறுத்திப் பேசினேன். கை நடுங்கித்து. சந்தோஷம்னுதான் நெனச்சேன். அப்புறம் வண்டியை எடுக்க தைரியமே வரலை, பட்டு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதாள். போகிறவர்கள் பார்த்தார்கள். அவர் வேன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டு சொன்னாள், "ஜெயந்த்கிட்ட சொல்லி உங்க ஃபோன்லயும் அந்தப் பச்சைப் புள்ளியைப் போடச் சொல்றேன்."

"என்னை வேவு பாக்கவா?"

"நீங்க எங்கே போனாலும் போங்கோ. இருக்கேள்னு தெரிஞ்சா போறும் எனக்கு."