அரைக்கண்

ஏழாம் மேசைக்கு அடியில் அவன் மல்லாந்து படுத்திருந்தான். வாயில் டார்ச். கேபிள்களைச் சேர்த்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டினான். மேசையின் இழுப்பறை ஏற்கெனவே காலி. குஷன், தண்ணீர் பாட்டில், கைப்பிடி உடைந்த கப், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து எல்லாம் ஒரு துணிப்பையில் ஏறி, இதுவரை அங்கே உட்கார்ந்து வேலை பார்த்த அக்காவோடு வெளியே போயிருந்தன. அக்கா வரவேற்பறை பெஞ்சில் காத்திருந்தாள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்ப வேண்டிய மேனேஜர் இன்னும் கூப்பிடவில்லை.

"ஒயரு, உள்ளயே குடித்தனம் வச்சுட்டியா?"

ஆறாம் மேசையிலிருந்து மொட்டையின் குரல். அவன் அடுத்த பட்டையை வெட்டினான். அந்த ஆபீசில் கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் மாட்டிக் கழற்றும் வேலை அவனுடையது. அவனுக்கு வைத்திருந்த பெயர் ஒயரு.

"நாளைக்கு வர்ற பொண்ணுக்காவது ரெண்டு கண்ணும் இருக்கான்னு பாத்துச் சேக்கச் சொல்லு" என்றான் மொட்டை. இரண்டு மேசை தள்ளி யாரோ சிரித்தார்கள்.

அந்த அறையில் வேலை என்பது பார்ப்பது. எங்கோ தயாராகும் வீடியோ கேம்களின் பதிவுகள் திரையில் ஓடும். ஒரு விநாடிக்கு நூற்றிருபது படங்கள். அவற்றில் ஒரே ஒரு படத்தில் ஒருவனுக்குக் கை இருக்காது. அல்லது சுவர் கறுத்துப்போகும். இமைப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடும். கண்ட உடனே ஸ்பேஸ் பட்டனைத் தட்ட வேண்டும். ஆட்கள் விழித்திருக்கிறார்களா என்று சோதிக்கக் கம்பெனியே சில பிழைகளை ஒளித்து வைக்கும். அதற்கு அறையில் பொறி என்று பெயர். பொறியைத் தவறவிட்டால் ஸ்கோர் இறங்கும். சுவரில் மாட்டிய பெரிய டிவியில் எல்லாருடைய போட்டோவும் கடைசியாகப் பார்த்த பதிவின் ஸ்கோருக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

பழைய மானிட்டர்கள் இருந்த காலத்தில் அக்காவின் போட்டோ மேல் வரிசையை விட்டு இறங்கியதில்லை. அப்போது அவளைக் கழுகு அக்கா என்றார்கள். பிறகுதான் நூற்றிருபது படம் ஓடும் இந்தப் புது வேலையும் அதற்காகப் புது மானிட்டர்களும் வந்தன. சில வாரத்தில் அவள் ஸ்கோர் பாதிக்கு விழுந்தது. விழுந்த இடத்திலேயே நின்றது. அவள் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் பார்த்தாள். காப்பியை நிறுத்திப் பார்த்தாள். பாதி பாதியாகவே இருந்தது. கழுகு என்றவர்களே அரைக்கண் என்றார்கள்.

அவன் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். புதுப் பெண் வருவதற்குள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். அக்காவின் கணக்கு லேப்டாப்பில் இன்னும் மூடப்படாமல் இருந்தது. டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்தான்.

ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை விநாடிக்கு எத்தனை படம் காட்டும் என்ற இடத்தில், அறுபது என்று இருந்தது.

மாற்றலாம் என்று அந்தப் பட்டியலைத் திறந்தான். பட்டியலில் வேறு எண்ணே இல்லை. நூற்று நாற்பத்து நான்கு வரை போகும் மானிட்டர் அது. குனிந்து மானிட்டரின் பின்பக்கம் டார்ச் அடித்தான். எச்டிஎம்ஐ கேபிள் சொருகியிருந்தது.

மற்ற மேசைகள் எல்லாவற்றிலும் டைப்-சி கேபிள். அதைக் கண்டுபிடித்ததே அவன்தான். புது மானிட்டர்கள் வந்தபோது இந்த லேப்டாப்போடு எதுவும் அறுபதைத் தாண்டவில்லை. டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினான், கேபிள் மாற்றிக் கேபிள் போட்டான், திட்டு வாங்கினான். கடைசியில் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளை பழைய ரகம், இவ்வளவு பெரிய திரைக்கு அதால் அறுபதுக்கு மேல் கொடுக்க முடியாது, பக்கத்திலுள்ள சின்னத் துளையில் டைப்-சி போட்டால்தான் முழு வேகம் வரும் என்று புரிந்தது. எல்லா மேசைக்கும் கேபிள் வாங்கி, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பட்டை ஒட்டி மேசை எண் எழுதி மாட்டினான். ஏழாம் மேசைக்கும்தான்.

பிறகு மேனேஜர் தன் அறைக்கும் அதே மானிட்டர் வாங்கிக்கொண்டார். பெட்டியில் கேபிள் இல்லை. "ஒயரு, இப்பவே வேணும், மேலேர்ந்து ஆள் வர்றாங்க" என்றார். அன்று ஏழாம் மேசை காலியாக இருந்தது. அங்கிருந்து கழற்றினான். பதிலுக்கு ஒரு எச்டிஎம்ஐயைச் சொருகினான். படம் வந்தது. போய்விட்டான்.

மனைவி இறந்த பிறகு அவன் வேலைக்குத் திரும்பியிருந்த வாரம் அது. எதை மாட்டினாலும் செட்டிங்ஸைத் திறந்து பார்ப்பது அவன் வழக்கம். அந்த வாரம் அவன் எதையும் திறந்து பார்க்கவில்லை. இன்னொரு கேபிள் வாங்க வேண்டும் என்பதும் நினைவில் நிற்கவில்லை.

அன்று அக்கா லீவு. அவன் மகளுக்குக் காய்ச்சல். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவன் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் குறை எதுவும் தெரியவில்லை. படம் பளிச்சென்றுதான் இருந்தது. ஒன்று விட்டு ஒன்றாகப் பாதிப் படங்கள் மட்டும் திரைக்கே வராது. வராத படத்தில் இருக்கும் பொறியை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது.

அவன் எழுந்து வெளியே போனான்.

"வா தம்பி" என்றாள் அக்கா. பையை நகர்த்தி இடம் கொடுத்தாள். "என்ன தலையெல்லாம் ஒட்டடை? மேசைக்கு அடியில கூட்டுறவங்க யாரும் இல்லையா?"

அவன் உட்கார்ந்தான்.

"பாப்பா சாப்பிடுதா ஒழுங்கா?"

"சாப்பிடுது."

"இந்தக் கண்ணாடியும் சரியில்லப்பா. டாக்டர் கண்ணுல ஒண்ணும் இல்லம்மான்னு தலையில அடிச்சுக்கறார். நான்தான் விடாம, இல்ல சார், ஏதோ இருக்கு, நல்லாப் பாருங்கன்னு சண்டை போட்டு எழுதி வாங்கினேன்." சிரித்தாள். "வீட்ல அவர் என்ன சொல்றார் தெரியுமா? இடுப்பு ஒடிஞ்சு கட்டில்ல கிடக்கிற எனக்கே காக்கா பறக்கறது தெரியுது, உனக்கு என்னடி கேடுங்கறார். கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்தும் வாய் மட்டும் விழல."

அவன் தரையைப் பார்த்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். "அவ்வளவு அலைஞ்சு நல்ல ஸ்க்ரீன் போட்டுக் குடுத்தே. நான்தான் வீணாக்கிட்டேன். மனசுல வச்சுக்காதே."

"அக்கா, உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல."

"ஆறுதல் சொல்லாதே தம்பி."

"ஆறுதல் இல்ல. கேபிள்." அவன் சொன்னான். நூற்றிருபதும் அறுபதும். பெரிய துளையும் சின்னத் துளையும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். நடையின் கோடியில், மாடிப்படிக் கதவுக்கு மேல், தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு பலகை இருந்தது. அதைக் கடைசி வரி வரை மெல்ல வாய்விட்டுப் படித்தாள்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அடப்பாவி! குருடாயிடுவேன்னு பயந்து செத்தேன்டா. கண்ணை மூடிக்கிட்டே துணி மடிச்சுப் பழகினேன், பின்னால உதவும்னு." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைத்துவிட்டுக் கேட்டாள். "சரி, யாரு மாத்தினது?"

"நான்தான்."

"எப்போ?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ. நீங்க எங்க வீட்ல இருந்த அன்னிக்கு."

அவள் கண்ணாடியின் காதுகளை மடக்கினாள். பிரித்தாள். மறுபடி மடக்கினாள்.

"சரி, எழுந்திரு. மேனேஜர்கிட்ட சொல்லுவோம். நீ கூட வா. நான் சொன்னா நம்ப மாட்டார்."

மேனேஜர் அவர்களை உட்காரச் சொன்னார். அக்கா மட்டும் உட்கார்ந்தாள். அவன் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். மேனேஜருக்குப் பின்னால் அந்தப் பெரிய மானிட்டரில் ஒரு மெயில் பாதி எழுதியபடி நின்றது. கேபிளின் வெள்ளைப் பட்டை இங்கிருந்தே தெரிந்தது. அவன் கையெழுத்தில் ஏழு.

"செட்டிங்ஸ் பாக்கறது யார் வேலை?" என்றார் மேனேஜர்.

"என் வேலை சார்."

"பாத்தியா?"

"பாக்கல சார்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"மேல ரிப்போர்ட் போயாச்சும்மா. ஏழாம் மேசையில ஆள் சரியில்ல, மாத்தறோம்னு நானே எழுதிட்டேன். இப்ப ஆள் சரி, ஒயர்தான் சரியில்லன்னு எழுதணும். எழுதலாம். ஒயரை மாட்டினது யாருன்னு கேப்பாங்க. இவ்வளவு நாள் வேலை குடுத்த பார்ட்டிக்குப் பாதிப் பிழையோட போன வேலைக்கு யார் பதில் சொல்றதுன்னு கேப்பாங்க. ஒரு பேரு நான் குடுத்தாகணும்." அவன் பக்கம் திரும்பினார். "அக்கா வேலையில இருக்கட்டும். உன் பேரை எழுதட்டுமா?"

"கேபிளை எடுத்துத் தரச் சொன்னது நீங்கதானே சார்?" என்றாள் அக்கா.

"கேபிள் கேட்டேன்மா. உங்க மேசைலேர்ந்து பிடுங்குன்னு சொன்னேனா? கேளுங்க, சொன்னேனா?"

"சொல்லல சார்" என்றான் அவன்.

"சொல்லு ஒயரு. எழுதட்டுமா?"

எழுதுங்கள் என்பது ஒரு சொல். அதைச் சொன்னால் போதும். மகளைப் பள்ளியில் விடுவதும், மதியம் கூட்டி வந்து பக்கத்து வீட்டில் விட்டுத் திரும்புவதும், இந்த வேலை கொடுத்த நேரத்தில்தான் நடந்தன. வீட்டில் வேறு ஆள் இல்லை. அவன் வாயைத் திறந்தான். வெள்ளைப் பட்டையில் இருந்த ஏழு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம் சார். எனக்கும் வயசாச்சு. கண்ணுதான்."

"நிச்சயமாவாம்மா?"

"டாக்டரே கண்ணாடி குடுத்திருக்கார்ல."

மேனேஜர் கையை நீட்டினார். அக்கா கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுருட்டி, மேசையில் வைத்தாள்.

"ஒயரு" என்றார் மேனேஜர். அவர் குரல் இளகியிருந்தது. "நாளைக்கு அந்தப் பொண்ணு வருது. இந்தக் கேபிளை இப்பவே கழட்டிட்டுப் போய் அங்க மாட்டிடு. எனக்கு மெயில் படிக்கறதுக்கு எதா இருந்தா என்ன?"

அவன் மேசைக்குப் பின்னால் மண்டியிட்டான். மானிட்டரிலிருந்து ஒரு முனையைக் கழற்றி, மறுமுனை ஓடிய வழியாக அடியில் தவழ்ந்தான். மேசைக்கடியிலிருந்து அக்காவின் செருப்பு மட்டும் தெரிந்தது. வார் தேய்ந்த செருப்பு. கதவு வரை போய் நின்றது.

"தம்பி, நான் இனி வீட்லதானே இருக்கப்போறேன். பாப்பாவை வேணும்னா கொண்டாந்து விடு."

செருப்பு போய்விட்டது.

ஏழாம் மேசையில் டைப்-சியைச் சொருகினான். திரை ஒரு கணம் கறுத்து மீண்டது. செட்டிங்ஸைத் திறந்தான். பட்டியலில் இப்போது எண்கள் வரிசையாக நின்றன. நூற்றிருபதைத் தேர்ந்தெடுத்தான். சரிபார்க்க ஒரு பதிவை ஓட விட்டான்.

ஒரு வீரன் படிக்கட்டில் ஓடினான். அவன் கையில் இருந்த வாள் ஒரு மின்னலில் மறைந்து வந்தது. இவன் ஸ்பேஸைத் தட்டினான். சுவர் கறுத்தது. தட்டினான். குதிரைக்குக் கால் இல்லாமல் போனது. தட்டினான். பயிற்சி எதுவும் இல்லாதவன் அவன். கண்ணைச் சுருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தானாக வந்து விழுந்தன. பதிவு முடியும் வரை அவன் விரல் நிற்கவில்லை.

"டேய், டிவியைப் பாருங்கடா!" மொட்டை நாற்காலியைச் சுழற்றினான். "அரைக்கண் அக்கா மேல போறாங்கடா! ஆபீசை விட்டுப் போனதும் கண்ணு தெறந்துடுச்சு!"

அறை முழுக்கச் சிரித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அக்காவின் கணக்கை மூட மறந்திருந்தான். சுவரில் அவளுடைய போட்டோ அடி வரிசையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக ஏறிக்கொண்டிருந்தது. மொட்டையின் போட்டோவைத் தாண்டியது. எல்லாரையும் தாண்டியது. முதல் கட்டத்தில் போய் நின்றது.

வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த போட்டோ. அதில் அவளுக்குக் கண்ணாடி இல்லை.